பேர் சொல்லிக் கூப்பிட்ட கேட் கீப்பர்

ரயில்வே கேட் மூடியிருக்கும்போது சாலையின் இடது பாதியில் வரிசையாக நிற்க வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சங்கரன்கோவில்காரர்களுக்கும் தெரியும். ஆனாலும் பின்னால் வருகிற பைக் ஒன்று வலது பக்கம் காலியாக இருப்பதைப் பார்க்கும். 'நாம் நிற்காவிட்டால் இன்னொருத்தன் நிற்கப்போகிறான்' என்று அங்கே போய் நிற்கும். அதன் பின்னால் ஆட்டோ, அதன் பின்னால் டிராக்டர். எதிர்ப்பக்கமும் இதே கதைதான். கேட் திறந்ததும் தண்டவாளத்தின் மேல் முகத்தோடு முகம் முட்டிக்கொண்டு நிற்பார்கள். முதலில் பின்னால் எடுப்பவன் தோற்றவன், அதனால் எவனும் எடுப்பதில்லை. படித்தவர்கள் இதற்கு ஆட்டக் கோட்பாடு என்று பேர் வைத்து, புத்தகம் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். கேட் கீப்பர் மாரிக்கண்ணன் அதைக் கேட் அறையில் உட்கார்ந்து சும்மாவே பார்த்தார்.

கேட் கீப்பர் அறையை விட்டு நகர முடியாது. அந்த நெரிசலில் மாட்டாத ஒரே ஆள் அவர்தான் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அதிகம் மாட்டிக்கொண்டவரே அவர்தான். கேட்டை மூட முடியாவிட்டால் ரயில் சிக்னலில் நிற்கும், விளக்கம் கேட்டு அவருக்குக் காகிதம் வரும். அந்த வருஷம் இரண்டு காகிதம் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் இடமாற்றம். ஒன்பது வருஷம் பாலக்காட்டுப் பக்கம் ஒரு காட்டு கேட்டில் தனியாகச் சோறு பொங்கித் தின்றுவிட்டு, மனைவி முத்துமாரியோடு சேர்ந்து இருக்கலாம் என்று கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய ஊர் இது.

அதனால் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "ஏ பச்சைச் சட்டை, பின்னால எடு" என்றால் ஒருத்தனும் அசையமாட்டான். பேர் தெரியாத ஆளுக்கு வெட்கம் கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கதையே வேறு. நாளைக்கும் இதே கேட்டில்தானே நிற்க வேண்டும்? மாரிக்கண்ணன் ஒவ்வொருத்தர் பேராக, ஊராக, யாருக்கு யார் சொந்தம் என்று மனப்பாடம் செய்தார். இரண்டு வருஷத்தில் முந்நூறு பேராவது இருக்கும். கேட்டும் ஓரளவு அடங்கியது.

அந்த வியாழக்கிழமை காலை அந்த வித்தையே அவர் காலை வாரியது. ஒரு ரயில் போய்க் கேட்டைத் திறந்ததும், இந்தப் பக்கம் பூ மூட்டையோடு ராஜதுரையின் லோடு ஆட்டோ, அந்தப் பக்கம் மூக்காண்டியின் டிராக்டர். இரண்டு பேரும் கரிவலம்வந்தநல்லூர்க்காரர்கள், மச்சினமார். ராஜதுரையின் தங்கை கோமதியம்மாள்தான் மூக்காண்டியின் மனைவி. மூக்காண்டி மகளின் காதுகுத்தில் தாய்மாமன் மாலை பிந்திப் போனதற்காக ஆறு வருஷமாகப் பேச்சில்லை. அடுத்த ரயிலுக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது.

"ராஜதுரை அண்ணாச்சி, ஒரு பத்தடி பின்னால எடுங்க!"

கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அதோடு தீர்ந்தது. யாரோ இருவர் நின்றிருந்தால் ஒருத்தராவது எடுத்திருப்பார். இப்போது நிற்பது ராஜதுரையும் மூக்காண்டியும் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

"நான் எதுக்குவே எடுக்கணும்? அங்கன நிக்காம்லா, அவன எடுக்கச் சொல்லும்!"

மூக்காண்டி காதில் விழாத மாதிரி இன்ஜினை உறுமவிட்டார். அறையில் ஸ்டேஷன் போன் அடித்தது. "கேட்டை மூடியாச்சா?"

டூட்டியில் செல்போனைத் தொடக்கூடாது. மாரிக்கண்ணன் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டு அதை எடுத்தார். "ரெண்டு பேரும் எங்கயாவது முட்டிக்கிட்டு நின்னா எனக்கு ஒரு போன் போடு தம்பி" என்று கோமதியம்மாள் எப்போதோ கொடுத்த நம்பர் அதில் இருந்தது. இந்த இரண்டு பேரும் பேசுகிற ஒரே ஆள் அவள்தான்.

அவளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் கெட்டிக்காரி. புருஷனைப் போனில் கூப்பிட்டு, "எங்கண்ணன் எடுக்கேன்னுட்டான், நீங்களும் எடுங்க" என்றாள். அண்ணனைக் கூப்பிட்டு, "அவுக எடுக்காகளாம், நீயும் எடு" என்றாள். டிராக்டரும் ஆட்டோவும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. பின்னால் நின்றவர்களை மாரிக்கண்ணன் பேர் சொல்லியே விலக்கி, கேட்டை இறக்கினார். ரயில் நிற்காமல் போனது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரு வீடியோ. நெரிசலில் நின்ற எவனோ எடுத்தது. 'நம்ம கேட் கீப்பரின் மூளையைப் பாருங்க' என்று பாராட்டு வேறு. அதில் அவர் காதில் செல்போன் பளிச்சென்று தெரிந்தது.

தெரிந்தவர்களிடமெல்லாம் அழிக்கச் சொல்லிக் கெஞ்சினார். "அழிச்சிருதேன் அண்ணாச்சி, ஆனா ஊரே வச்சிருக்கே, நான் மட்டும் அழிச்சு என்னத்துக்கு?" என்று ஆளாளுக்கு ஒரே பதில். அதே கேட், அதே நெரிசல். வீடியோவால் வேலைக்கு ஆபத்து என்று வீட்டில் மட்டும் அவர் மூச்சுவிடவில்லை. முத்துமாரி பயந்துவிடுவாளே என்று நினைத்தார்.

பத்தாம் நாள் ரயில்வே இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு இடமாற்ற உத்தரவைக் கையில் கொடுத்தார். பழைய காட்டு கேட்டேதான். நல்ல மனுஷன், அவருக்கே சங்கடமாக இருந்தது. "உங்க வீட்டம்மா அந்த வீடியோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தாங்களாம் மாரிக்கண்ணன். நம்ம ஆபீஸ்ல ஒருத்தர் சம்சாரம் அவங்களுக்குப் பழக்கம். அப்படியே பெரிய அதிகாரி வரைக்கும் போயிருச்சு."

அவர் வீட்டுக்கு வந்து உத்தரவை மேஜையில் வைத்தார். முத்துமாரி எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"எந்தப் பாவிங்க அதை ஆபீசுக்கு அனுப்புனது? நான் எவ்வளவு பெருமையா ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தேன்! நம்மளப் பிரிச்ச பாவி நல்லா இருப்பானா?"

மாரிக்கண்ணன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நல்லா இருக்கட்டும் விடுட்டி" என்றார்.