அறுபத்தோரு வயது இளவரசர்

அமெரிக்காவில், ஃபோர்ட் வெய்னில் எங்கள் பர்மிய ஆட்கள் வீட்டில் எந்தப் பையனுக்குத் துறவுச் சடங்கு வந்தாலும் முதல் தகவல் ஓன் பே மாமாவுக்குத்தான் போகும். மடத்துக்கு இரண்டாவதாகத்தான் போகும். பிக்குவைக் கேட்காமல்கூட நாள் குறித்துவிடலாம், குதிரையைக் கேட்காமல் முடியாது, அந்தக் குதிரை ஓன் பே மாமா பேச்சை மட்டும்தான் கேட்கும்.

சடங்கு பெரிய காரியமில்லை. பையனுக்குப் பட்டு உடுத்தி, கிரீடம் வைத்து, உதட்டுக்குச் சாயம் பூசி இளவரசனாக்குவோம். குதிரையில் ஏற்றி மேளத்தோடு மடத்துக்குக் கூட்டிப் போவோம். அங்கே தலையை மழித்து, காவி கட்டி, ஒரு வாரம் சின்னச் சாமியாக இருப்பான். சித்தார்த்தர் அரண்மனையை விட்டுக் கிளம்பியதை ஒவ்வொரு வீடும் தன் பிள்ளையை வைத்து ஒருமுறை செய்து பார்க்கிறது. பெற்றவர்களுக்குப் புண்ணியம். பையனுக்கு ஒரு வாரம் பசி, ஏனென்றால் சாமிகளுக்கு மதியத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது.

குதிரை ஏமஸிடமிருந்து வரும். ஏமஸ் ஊருக்கு வடக்கே இருக்கும் ஆமிஷ் விவசாயி. அவர்கள் கார் ஓட்டுவதில்லை, வீட்டில் மின்சாரம் வைத்துக்கொள்வதில்லை, மழையானாலும் மூடியில்லாத குதிரை வண்டியில்தான் போவார்கள். இந்த ஊரில் இளவரசனுக்குக் குதிரை வேண்டுமென்றால் அவர்களிடம்தான் போயாக வேண்டும். ஏமஸ் வாடகை வாங்கமாட்டார். சான் யீ அத்தை போடும் சுரைக்காய் பஜ்ஜியை ஒரு பாத்திரம் நிறைய வாங்கிக்கொள்வார். சான் யீ அத்தை ஓன் பே மாமாவின் மனைவி. எங்களுக்குக் கீழ்வீடு.

மற்ற நாட்களில் மாமா கார் இருக்கை தைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நானும் பள்ளி முடித்ததிலிருந்து அங்கேதான், எப்போது கிளம்பலாம் என்று பார்த்துக்கொண்டு. மாமாவுக்கு எங்கும் கிளம்பும் எண்ணமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். போன வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொஹிங்கா மீன்குழம்பு நூடுல்ஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"எனக்கு இன்னும் சடங்கு ஆகலை."

மளிகைக்கடை தெய்ன் ஹான் அண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்தார். "என்ன சடங்கு?"

"பசங்களுக்குப் பண்றோமே, அது."

பர்மாவில் அவர் அப்பா அடுத்த அறுவடைக்குச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் பட்டாளம் வந்தது, அறுவடை இல்லை. அப்புறம் தாய்லாந்து எல்லையில் அகதி முகாம். அங்கே பையன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், ஆனால் மாமா அதற்குள் தூக்குகிறவர்களில் ஒருவராகிவிட்டார். அமெரிக்கா வந்தபின் குதிரையைப் பிடிக்கிறவரானார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மடத்தில் ஆண்கள் கூடி "நான் சாமியா இருந்தப்போ" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் மாமா எழுந்து தேநீர் எடுத்துவரப் போய்விடுவார். எல்லோரும் அவரை நல்ல மனிதர் என்றார்கள்.

"அதுக்கென்ன, மொட்டை போட்டுட்டு ஒரு வாரம் மடத்துல இருங்க" என்றார் தெய்ன் ஹான்.

"குதிரையில போகணும்."

"இந்த வயசுலயா?"

"ஊர்ப் பசங்களுக்கெல்லாம் கடிவாளம் பிடிச்சிருக்கேன். ஒரு தடவை மேலே உட்கார்ந்து பார்க்கணும். வேற எதுவும் கேட்கலை."

"முகாம்ல மாதிரி தோள்ல தூக்கிடலாமா?" என்று கேட்ட தெய்ன் ஹான், மாமாவின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "என் கார் மேல்கூரை திறக்கும். அதுல நின்னுக்கிட்டே போகலாம்" என்றார்.

"சித்தார்த்தர் டொயோட்டாவுலயா போனாரு?"

கல்யாணமானவர் துறவு கொள்ள மனைவி சம்மதிக்க வேண்டும். பிக்கு முறைப்படி அத்தையைக் கேட்டார்.

"ஒரு வாரம் குறட்டை இருக்காது இல்லையா, சாமி?" என்றாள் அத்தை.

"அது மடத்தோட பாடு" என்றார் பிக்கு.

"அப்ப சம்மதம்."

ஜூனில் நாள் குறித்தார்கள். தொழிற்சாலையில் ஒரு வாரம் விடுப்பு கிடைத்தது. அதை விட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் முழங்கால் எப்படி இருக்குமோ என்று மாமாவே சொன்னார். ஏமஸிடம் பேச என்னைக் கூட்டிப்போனார். பள்ளியில் படித்த ஆங்கிலம் எனக்கு உருப்படியாகப் பயன்பட்ட இடம் அந்தத் தொழுவம்தான்.

ஏமஸ் மாமாவைப் பார்த்தார், குதிரை டாலியைப் பார்த்தார், மறுபடி மாமாவைப் பார்த்தார்.

"இவரா ஏறப்போறார்?"

"ஆமா."

"இவ வண்டிக்குப் பழகினவ. சின்னப் பசங்கன்னா பொறுத்துக்குவா. இவர் ஏறினா ரெண்டு பேருக்கும் இடுப்பு போயிடும்."

"என்ன சொல்றார்?" என்றார் மாமா.

"இடுப்பு போயிடுமாம், மாமா."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

"என்னோடது ஏற்கெனவே போனதுதான்னு சொல்லு."

சொன்னேன். ஏமஸ் அசையவில்லை. வேண்டுமானால் வண்டியில் உட்காரட்டும், எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுகிறேன் என்றார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சடங்கு ஊர்வலத்தில் வண்டியில் உட்காருவது காது குத்திக்கொள்ளும் பெண் குழந்தைகள். அன்றைக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். இருவருக்கும் கடைவீதியில் எப்போதோ குத்தியாயிற்று, தங்க ஊசியைக் காதில் தொட்டு எடுப்பதுதான் பாக்கி. விஷயம் எங்களுக்கு முன்னால் தெய்ன் ஹானின் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

"மாமா, உங்களுக்குத் தோடா ஜிமிக்கியா?"

மாமா அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வீட்டுப் படியேறும்போது, "வண்டியை இழுக்கறது குதிரைதானே?" என்று கேட்டார்.

"குதிரைதான்."

"அப்ப சரி. ஏமஸ்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லிடு, பன்னிரண்டு மணிக்குள்ள மடத்துல இருக்கணும். சாப்பாடு போயிடும்."

அதையும் சொன்னேன். தெளிவாகவே சொன்னேன்.

அன்று காலை அத்தை மாமாவுக்கு உதட்டுச் சாயம் பூசினாள். "ஆடாதீங்க, மீசைக்குப் போகுது" என்றாள். பட்டு உடை பையன்களுக்குத் தைத்தது என்பதால் முதுகுப் பக்கம் ஊசிகள் குத்தி மூடினோம். கிரீடத்தைக் கயிறு போட்டுக் கட்டினோம். பார்க்க நன்றாகவே இருந்தார். பெண்கள் இருவரும் வண்டியில் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். முன்னால் ஓட்ட உட்கார்ந்த ஏமஸ் தொப்பியை இறக்கிக்கொண்டார், அவர்களுக்குப் படம் எடுப்பது ஆகாது. தங்கக் குடையை வழக்கமாக யாராவது மாமன்காரர் பிடிப்பார். இந்த முறை தெய்ன் ஹான் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். கேலி செய்தவனுக்குப் புண்ணியம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்றார்.

மேளக்காரர்கள் பின்னால் நின்றார்கள். பெரிய தாளம் ஒரு அடி அடித்தது. டாலி கிளம்பினாள்.

நடக்கவில்லை. ஓடினாள். வண்டிக் குதிரைக்குத் தெரிந்த வேகம் அதுதான். மற்ற வருஷங்களில் அவள் தலைப்பக்கம் ஒருவர் நடந்துகொண்டு, கடிவாளத்தைப் பிடித்து, பர்மிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே வருவார், அதனால் மெதுவாக வந்தாள். அந்த ஒருவர் இன்று வண்டிக்குள் இருந்தார். குடை, மேளம், காவி, பஜ்ஜி எல்லாம் ஏற்பாடு செய்த எங்களுக்கு அது மட்டும் தோன்றவில்லை.

தெய்ன் ஹான் குடையோடு முதல் திருப்பம்வரை ஓடினார். இரண்டாவது திருப்பத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள், அதனால் டாலியும் கூட்டினாள். கடைசியாக நான் பார்த்தது கிரீடம் பின்பக்கம் சரிந்து, கயிற்றில் தொங்கிக்கொண்டு சாலை வளைவில் மறைந்ததைத்தான். பெண்கள் கத்துவது கேட்டது. பயந்து கத்துகிறவர்கள் இன்னும் வேகமாகப் போகச் சொல்லமாட்டார்கள்.

நாங்கள் வியர்த்து மடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது டாலி வாளியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மாமா படியில் உட்கார்ந்திருந்தார். உதட்டுச் சாயம் கன்னம்வரை போயிருந்தது.

ஏமஸிடம் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "பன்னிரண்டுக்குள்ளன்னு நீதானே சொன்னே" என்றார். பஜ்ஜிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாடுகள் காத்திருக்குமாம்.

"ஸ்டாப்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாமா" என்று மூச்சு வாங்கினார் தெய்ன் ஹான். "அந்த இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியுமே."

"தெரியும்."

"அப்புறம்?"

"சொல்லத் தோணலை."

ஊர்வலமே இல்லாமல் இளவரசர் வந்து சேர்ந்தால் சடங்கு செல்லுமா என்று பெரியவர்களுக்குள் பேச்சு எழுந்தது. பிக்கு வெளியே வந்து, சாலையையும் வண்டித் தடத்தையும் பார்த்தார்.

"சித்தார்த்தர் போனப்பவும் பின்னாடி மேளம் போகலை" என்றார். "ஊரே தூங்கிட்டிருந்துச்சு. உள்ளே வாங்க."

தலையை மழித்தார்கள். விழுகிற முடியை ஏந்த வெள்ளைத் துணி பிடிப்பது வழக்கம். அத்தை பிடித்தாள். "இருக்கிற முடிக்குக் கைக்குட்டையே போதும்" என்றாலும் துணியை விரித்துத்தான் பிடித்தாள், ஒரு முடிகூடக் கீழே விழவில்லை. காவி கட்டியதும் மாமா வேறு யாரோ மாதிரி ஆனார். பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். உதட்டு ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. யாரும் சொல்லவில்லை.

புதுச் சாமியை வீட்டார்தான் முதலில் வணங்க வேண்டும். அத்தை முட்டிபோட்டு, நெற்றி தரையில் பட மூன்று முறை வணங்கினாள். மூன்றாவது முறை எழ நேரமானது. நான் பக்கத்தில் இருந்ததால் கண்ணைத் துடைத்துக்கொள்வது தெரிந்தது. பிறகு கைகூப்பியபடியே கேட்டாள்:

"சாமி, வீட்டுச் சாவி எங்கே?"

சாமி தலை நிமிரவில்லை. இல்லறத்துப் பெண்களைச் சாமிகள் அழைக்கும் முறையிலேயே பதில் சொன்னார்.

"வண்டியில போயிடுச்சு, உபாசகி. நீங்க போய் வாங்கிக்கங்க."

ஏமஸ் வீட்டில் தொலைபேசி கிடையாது. காரில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சோளக்காடு ஆரம்பித்ததும், "என்னை நீங்கன்னு சொன்னார், கேட்டியா?" என்றாள்.