தொட்டாச்சிணுங்கிக்கு லீவு

அருங்காட்சியகத்தில் அவளுக்குப் பெயரே ‘தொடாதே அக்கா’தான். தாவரக் கூடத்து மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். எவன் விரல் நீண்டாலும் ஒரே அதட்டல், “தொடாதே!” வீட்டில் புருஷன் டிவி ரிமோட்டை எடுத்தாலும் அதே அதட்டல். மனுஷன் பழகிக்கொண்டார்.

இளவட்டங்கள் அந்தக் கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. இப்படியே போனால் வெப்பமண்டலச் செடிகளை ஆராய நாளைக்கு ஆள் ஏது என்று இயக்குநருக்குக் கவலை. கண்ணாடித் தடுப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டாச்சிணுங்கித் தொட்டிகளை வரிசையாக வைத்தார்.

“பசங்க தொட்டுப் பார்க்கணும்மா. யாரும் தொடலைன்னா உங்களைக் கீழே பை அறைக்கு மாத்திடுவேன்.”

பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைக்கும் அந்த அறையில் டோக்கன் கொடுப்பது அக்காவின் நாத்தனார். அந்த அம்மாள் காலையில் வாயைத் திறந்தால் கட்டடத்தைப் பூட்டும்போதுதான் மூடுவாள்.

‘வாங்க, தொடுங்க’ என்று கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தாள். கல்லூரிக் கூட்டம் ஒன்று உள்ளே நுழைந்தது. ஒரு பெண் விரலை நீட்டியதுதான் தாமதம், பாழாய்ப்போன வாய் “தொடாதே!” என்று கத்திவிட்டது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் முண்டியடித்துத் தொட்டது. மறுநாள் கல்லூரியே திரண்டு வந்தது.

நாலே நாளில் முதல் தொட்டிச் செடி இலை மடக்குவதை நிறுத்திவிட்டது.

“செத்துடுச்சாக்கா?”

“உன்னை நாள்பூரா நோண்டினா நீ மட்டும் சிணுங்கிக்கிட்டே இருப்பியா? அதுக்கு லீவு. போ அந்தப் பக்கம்!”

‘விடுப்பில் உள்ளது’ என்று அட்டை மாட்டித் தொட்டியை ஜன்னலோரம் வைத்தாள்.

கூட்டம் கலையும் என்று பார்த்தால், செடிக்கு அசதியா, நம் விரல் பழகிவிட்டதா என்று சண்டை மூண்டது.

“ஊதிப் பார்ப்போம்டி. புதுசா ஒண்ணு பட்டதும் மடங்கினா அசதி இல்ல, பழக்கம்” என்றாள் முதலில் விரல் நீட்டியவள்.

ஊதினார்கள். இலை மடங்கியது. அந்தக் கூச்சலில் அக்காவே ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். அன்றிலிருந்து ஒரு தொட்டிக்கு விரல், ஒன்றுக்கு ஊதல், ஒன்றுக்கு ஓய்வு என்று முறை வைத்து வேலை நடந்தது.

ஒருநாள் இயக்குநர் விருந்தாளிகளோடு வந்து, ஜன்னலோரத் தொட்டியை நோக்கிப் பெருமையாக விரலை நீட்டினார்.

“தொடாதே!”

கத்தியது அக்கா இல்லை. முப்பது பிள்ளைகள்.

இயக்குநர் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்தார். “என்னம்மா இது?”

“அது லீவு சார். டியூட்டி பக்கத்துத் தொட்டி.”

விருந்தாளிகள் கைதட்டினார்கள். பை அறைப் பேச்சு அதோடு போயிற்று. அக்கா விடுவாளா?

“சார், எனக்கும் ரெண்டு நாள் லீவு...”

“முதல்ல செடி டியூட்டிக்கு வரட்டும்மா” என்றார் இயக்குநர். “ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு எப்படிக் கொடுக்கிறது?”