எருமை மறித்த தண்ணீர்

பட்டறையில் வெல்டிங் செய்துகொண்டிருந்தபோது பூங்காக் காவலர் முனியாண்டி அண்ணனின் போன் வந்தது. "தவமணியக்கா போயிட்டாக, தம்பி. நெஞ்சு வலின்னு மதுரைக்குக் கொண்டு போனோம். காரியாபட்டி தாண்டல."

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் இருக்கும் எங்கள் பூங்கா, முன்பு கிராவல் தோண்டிப் போட்ட பள்ளம். சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்தது. மேலாளராக வந்த தவமணி அக்கா முள்ளை அகற்றி, ஊருணியைத் தூர்வாரி, இந்த மண்ணுக்குரிய மரங்களை வைத்தார். மரங்களுக்கு நடுவே சிற்பங்களும் வேண்டுமென்று என்னைப் போன்றவர்களைத் தேடி வந்தார்.

எதையும் நின்று பார்க்காமல் அவரால் நகர முடியாது. யாராவது பறவையின் பெயரைக் கேட்டால், "அது என்ன செய்யுதுன்னு மொதல்ல பாத்துட்டு வாங்க. பேரு எங்க போயிரப் போகுது" என்பார். அவர் எறும்புப் புற்றின் முன் குந்தியிருந்ததால் ஓர் அதிகாரி அலுவலகத்தில் காத்துக் கிடந்ததும் உண்டு. எனக்கு அது எரிச்சலாகவும் இருக்கும், பொறாமையாகவும் இருக்கும்.

பழைய விசைத்தறி இரும்பைக் கொண்டு படுத்திருக்கும் எருமை ஒன்று செய்தேன். ஒரு வருஷ உழைப்பு. நல்ல கோடையில் அக்கா சுண்ணாம்புப் பொடி தூவி இடம் குறித்துக் கொடுத்தார். சிமென்ட் பீடம் கட்டி நிறுத்தினேன். முதல் பெருமழையில்தான் விஷயம் தெரிந்தது. ஊருணிக்குத் தண்ணீர் வரும் வழியின் நடுவே அது படுத்திருந்தது. வந்த வெள்ளம் பீடத்தில் முட்டி ரோட்டுப் பக்கம் ஓடிவிட்டது. நனைந்துகொண்டே பார்த்து நின்ற அக்கா என்னை வரச் சொன்னார்.

"கோடையில எடம் பாத்தது என் தப்புத்தான், தம்பி. ஆனா ஒங்க எருமை தண்ணியக் கண்டா எந்திரிக்க மாட்டேங்குதே. கொஞ்சம் தள்ளி வச்சுக்கிருவமா?"

பீடத்தை உடைத்தால் எருமையின் அடிப்பகுதி நசுங்கிவிடும் என்றேன். அது பொய். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடம் அது, விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வற்புறுத்தவில்லை.

பீடத்தைச் சுற்றி அவரே ஒரு வாய்க்கால் வெட்டினார். மழைக்கு மழை அது மண்மூடும், அவரும் மம்பட்டியோடு இறங்குவார். "மண்ணு எந்தப் பக்கமா வருதுன்னு இன்னைக்குத்தான் பிடிபட்டுச்சு" என்று சந்தோஷமாகச் சொல்வார். ஆனாலும் பாதித் தண்ணீர்தான் ஊருணிக்குப் போனது. கரையில் அவர் வைத்த மருதங்கன்றுகள் இரண்டாவது கோடையில் கருகிப்போயின. நான் எதையும் கண்டுகொள்ளாதவன் போலப் போய் வந்தேன். அவர் அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கவில்லை.

அக்காவின் அடக்கம் முடிந்த மறுநாள், முனியாண்டி அண்ணனும் நானும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து பீடத்தை உடைத்தோம். செயின் போட்டுத் தூக்கி எருமையை மேட்டில் வைத்தோம். ஒரு கீறல்கூட விழவில்லை. மொத்தம் அரை நாள் வேலை.

அந்த அரை நாள் வேலையை நீங்கள் இருக்கும்போது நான் செய்யவில்லை, அக்கா. வெட்கமாக இருக்கிறது. ஐப்பசி மழை இறங்கும்போது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதென்று நான் வந்து நின்று பார்க்கிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.