நான்காவது தடத்தில் மனைவி

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் அவர் சொல்வதை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்ட ஒரே ஜீவன், நாலு தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் அந்த ரெக்கார்டர்தான். துணி அலமாரியைத் திறந்து, அதன் முன்னால் ஸ்டூல் போட்டு, பதினோரு வருடமாகப் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தார். முதல் தடத்தில் தாளம், இரண்டில் கிட்டார், மூன்றில் கீபோர்டு. மூன்றும் அவரே. நான்காவது காலியாகக் கிடந்தது. பாடச் சொன்னால் மனைவிக்கு உடனே அடுப்பில் வேலை வந்துவிடும்.

குரல்வளையில் புற்று என்று தெரிந்து, அதை முழுதாக எடுத்துவிடத் தேதியும் குறித்த பிறகு, அவளே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள்.

"மைக்கை வைங்க. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீங்கதான் ராஜா, எதிர்த்துப் பேச ஆளில்ல."

ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு பட்டன். அழுத்தினால் அந்தத் தடம் மட்டும் கேட்காது. அதற்கு மேல் 'ஊமை' என்று தாளில் எழுதி ஒட்டியிருந்தார்.

"இது எனக்கா? முன்னாடியே தெரிஞ்சிருந்தா கல்யாணத்தன்னிக்கே அமுக்கியிருப்பீங்க."

"அப்ப பட்டன் எங்க இருந்துச்சு? கேட்டுக்கிட்டேதான கெடந்தேன்!"

சிரித்தாள், இருமினாள், பாடினாள். கரகரவென்று, இரண்டு இடத்தில் சுருதி விட்டு, முழுப் பாட்டும். இன்னொரு தடவை என்று கேட்க அவர் வாயெடுத்தார். கைக்குட்டையில் ரத்தம் தெரிந்தது. கேட்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் பாட்டைச் செதுக்கினார். கிட்டார் எங்கேயோ இடறுகிறது என்று கண்டுபிடிக்க நான்காவது தடத்தை ஊமையாக்கினார். கண்டுபிடித்தார், திருத்தினார். அந்தத் திருப்தியிலேயே நாலையும் ஒன்றாகச் சேர்த்தார். சேர்ந்தது மூன்றுதான். வேலை முடிந்த இடத்தில் ஒரு நட்டுகூடக் கிடக்கக் கூடாது என்பது அவர் தொழில் சுத்தம். முப்பது வருடத்தில் அவர் விட்டுவந்த சாமானால் ஒரு லிஃப்டும் நின்றதில்லை. கையோடு தனித்தடங்கள் நாலையும் அழித்துவிட்டுத்தான் கேட்டுப்பார்க்க உட்கார்ந்தார்.

மறுநாள் ரெக்கார்டரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

"அழிச்சது அழிச்சதுதான் சார்," என்றார் கடைக்காரர். "அதுக்கென்ன, மறுபடி பாடச் சொல்லுங்க."

கழுத்தில் துளையோடு வீடு திரும்பியவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் ரெக்கார்டரைக் கைகாட்டினாள். சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமுவதற்குள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஓடவிட்டார். தாளத்துக்கு அவள் தலை ஆடியது. பாட்டு தொடங்கும் இடத்தில் உதடுகள் அசைந்து, நின்றன. நோட்டை இழுத்து எழுதினாள்: 'சத்தமா வைங்க.'

வைத்தார்.

உதட்டைப் பிதுக்கினாள். எழுதியதற்குக் கீழே ஒரு கோடு போட்டு, 'இன்னும்.'

அவர் குமிழைத் திருகினார்.