நூற்று முப்பத்தெட்டில் யாரும் ஆடுவதில்லை

வேகமான பாட்டை மெதுவாக்கி, ஆட வந்தவர்களை நிற்க வைப்பதுதான் என் தொழில். அதிலும் பாதிப் பேர் நிற்காமல் போய்விடுகிறார்கள்.

வார நாளில் ஜெர்சி சிட்டியில் ஒரு பேங்குக்கு கான்ட்ராக்டில் புரோகிராம் எழுதுகிறேன். சனி, ஞாயிறு டிஜே. ஹேப்பி ஹார்ட்கோர் என்று ஒரு வகை இசை உண்டு. தொண்ணூறுகளில் இங்கிலாந்துப் பசங்கள் ஆடித் தீர்த்தது. நிமிஷத்துக்கு நூற்று எழுபது தாள அடி, துள்ளுகிற பியானோ, அணில் பாடுகிற மாதிரி ஒரு பெண் குரல். அதை எடுத்து நூற்று முப்பத்தெட்டுக்கு இறக்கி, டிரான்ஸ் என்கிற மயக்க இசையாக்குவது என் பைத்தியம். ஏன் என்றால், அந்த அணில் குரலை மெதுவாக்கிக் கேளுங்கள், உள்ளே ஒரு பொம்பளை அழுதுகொண்டிருப்பாள். அவளை வெளியே கொண்டுவா என்று என்னிடம் யார் கேட்டார்கள்? ஒருத்தரும் கேட்கவில்லை.

டிரான்ஸில் பாட்டுக்கு நடுவே டிரம் நின்றுவிடும். ஒன்றரை நிமிஷம் வெறும் குரலும் பின்னால் ஒரு இழுவையும். பிறகு டிரம் திரும்பி வந்து விழும் பாருங்கள், அதற்குத்தான் மொத்தப் பாட்டும். அந்த ஒன்றரை நிமிஷம் ஒரே ஒரு கூட்டமாவது எனக்காகக் காத்திருக்க வேண்டும். சொந்தப் பாட்டை அடுத்தவர் விசேஷத்தில் போட்டு அவமானப்பட்டவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்களுக்குப் புரியும்.

சாம்பார் சாதம்

முதல் முயற்சி எடிசனில் ஒரு சீமந்தம். மத்தியானம் பன்னிரண்டு மணி. வளையல் போட்டு முடித்து, பெண்கள் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். சரி, இதுதான் நேரம் என்று என் பாட்டைப் போட்டேன். ஆடினார்கள்! டிரம் நின்றது.

பத்து விநாடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சீமந்தப் பெண்ணின் மாமியார், பட்டுப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். ஆன்ட்டி, இருங்க, திரும்ப வரும் என்றேன். அவர் பரிதாபமாக என் தோளைத் தட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "டிஜே தம்பிக்கு மெஷின் மக்கர் பண்ணுது, அது ரெடியாகறதுக்குள்ள எல்லாரும் சாப்பிட வந்துருங்கோ!"

டிரம் திரும்பி வந்தபோது ஹாலில் நானும் மேடை நாற்காலியில் கர்ப்பிணியும்தான் இருந்தோம்.

கராஜ்

அந்தப் பாட்டைப் பாடியது என் மனைவி சுமதி. பழைய பாட்டின் குரலை உரிமைப் பிரச்சினையால் அப்படியே எடுக்க முடியாது, புதிதாகப் பாடிச் சேர்க்க வேண்டும். பல மாதம் கெஞ்சினேன். அவள் அப்பா அம்மாவின் கிரீன் கார்டு இன்டர்வியூ தள்ளிப்போனதாகச் செய்தி வந்த அன்றுதான், என்ன நினைத்தாளோ, தானாக என் ஸ்டூடியோவான கராஜுக்கு வந்து மைக் முன்னால் நின்றாள். அழுது முடித்து மூக்கு அடைத்திருந்தது. நீ போய்விட்டாய், நான் இன்னும் இங்கேயே நிற்கிறேன் என்பதுதான் அந்த இங்கிலீஷ் வரிகளின் அர்த்தம். இரண்டாவது வரியின் முடிவில் மூச்சு முட்டி ஒரு சின்ன விக்கல் விழுந்தது. அதை நான் வெட்டவில்லை. இன்றுவரை நான் செய்ததிலேயே நல்ல விஷயம் அதுதான். ஒரு டேக்தான், போய்விட்டாள். பாட்டு எப்படி வந்தது என்று அதற்கப்புறம் கேட்கவே இல்லை.

இந்த வருஷம் அவர்களுக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. அவளுக்குக் கால் தரையில் இல்லை. கராஜைத்தான் பெரியவர்களுக்கு ரூமாக மாற்றுகிறோம். ஸ்பீக்கரெல்லாம் எங்கே வைப்பது என்று கேட்டேன். கோபமே இல்லாமல் சொன்னாள்: "டிசம்பர் வரைக்கும் போட்டுக்கோ, அப்புறம் அந்த இடத்துல எங்கம்மா கட்டில் வரும்."

அன்வரின் ஐடியா

அன்வர் கீழக்கரைக்காரன். ஆபீசில் என் பக்கத்து சீட். சனிக்கிழமை லைட்டும் மைக்கும் அவன் பொறுப்பு. ஜனங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் போகமாட்டார்கள் மச்சி என்றான். பார்சிப்பனியில் ஒருவருடைய ஐம்பதாவது பிறந்தநாள். டிரம் நின்றதும் அன்வர் மைக்கைப் பிடித்து, கம்பீரமாக, "தயவுசெய்து யாரும் நகர வேண்டாம், ஒன்றரை நிமிஷம் அப்படியே நில்லுங்கள்" என்றான்.

நின்றார்கள். சத்தியமாக நின்றார்கள்! ஆனால் தலையைக் குனிந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு அங்கிள் தொப்பியைக் கழற்றினார். முன்வரிசையில் ஒரு அம்மா கண்ணைத் துடைத்தார். அந்த வீட்டில் போன மாதம்தான் ஒரு சாவு விழுந்திருந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? இந்தக் கூட்டத்தின் தலையில் டிரம்மைப் போட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள். அன்வர் வெலவெலத்துப்போய் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அணைத்துவிட்டான். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது.

பிறந்தநாள்காரர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்: "எங்க மாமனாருக்கு மௌன அஞ்சலி வைக்கணும்னு எங்களுக்கே தோணலை, உங்களுக்குத் தோணிச்சே சார்!"

ஆபீசில் ஒரு ரசிகர்

எங்கள் மேனேஜர் இங்கிலாந்துக்காரர். சின்ன வயசில் அந்தப் பாட்டுகளுக்கு மைதானத்தில் மழையில் நனைந்து ஆடியவராம். இதைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. லஞ்ச் நேரத்தில் ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டார். ஏழு நிமிஷம்! என் வாழ்க்கையில் முழுதாகக் கேட்ட முதல் அந்நிய மனிதர். ஹெட்போனைக் கழற்றி, துடைத்து, திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கிலீஷில் மெதுவாகச் சொன்னார்: "நல்லா இருக்கு, ஆனா எங்களுக்கு அழுகையெல்லாம் வீட்டிலேயே இருந்தது, அதை மறக்கத்தான் அங்கே போனோம்."

ஒரிஜினல்

டிசம்பருக்கு முன் கடைசி புக்கிங், ஐசலினில் ஒரு பெண்ணின் பதினாறாவது பிறந்தநாள். சனிக்கிழமை மத்தியானம். இங்கே பிறந்த பிள்ளைகள், இசை தெரிந்த பிள்ளைகள், இவர்கள் காத்திருப்பார்கள் என்று நம்பினேன். பாட்டு ஆரம்பித்ததும் பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். எனக்குப் புரியவில்லை. இந்தப் பாட்டு இவர்களுக்கு எப்படித் தெரியும்?

பிறந்தநாள் பெண் ஓடி வந்தாள். "அங்கிள், இது யாரோ ஸ்லோ பண்ணி ஸ்பாயில் பண்ணது. ரியல் ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்று போனை நீட்டினாள். வாங்கி ஸ்பீக்கரில் செருகினேன்.

நூற்று எழுபது. பியானோ என்னுடையது. இரண்டாவது வரியின் முடிவில் அந்த விக்கல், கிளுக்கென்று ஒரு சிரிப்பு மாதிரி. நான் நெட்டில் போட்டு ஈ ஓட்டிய பாட்டை எவனோ எடுத்து, வேகமாக்கி, சுருக்கி, டிரம் நிற்கிற ஒன்றரை நிமிஷத்தை வெட்டி எறிந்திருக்கிறான். அன்வர் என்னைப் பார்த்தான், நான் அன்வரைப் பார்த்தேன். ஹால் மொத்தமும் ஆடியது. தட்டோடு நின்ற ஆன்ட்டிகளும் ஆடினார்கள். இரண்டே நிமிஷம், ஒருவர்கூட நகரவில்லை. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது, எனக்கென்று ஒன்றும் கிடைக்கவில்லை.

அம்மாடி, இது நான் செய்த பாட்டு என்றேன் அந்தப் பெண்ணிடம். அவள் மரியாதையாகத் தலையாட்டினாள். தாத்தா எதையோ உளறும்போது பிள்ளைகள் ஆட்டுகிற தலை. போனை உருவிக்கொண்டு போகும்போது சொன்னாள்: "இட்ஸ் ஓகே அங்கிள், எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

கட்டில்

மறுநாள் காலை ஸ்பீக்கர்களை வேனில் ஏற்றிவிட்டோம். அன்வருடைய அபார்ட்மெண்ட் பேஸ்மெண்டுக்குப் போகின்றன. சுமதி கராஜைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் போனில் கேட்ட பாட்டை என் போனில் தேடி எடுத்து அவள் முன்னால் வைத்தேன். குரல் வந்தது. விக்கல் வந்தது. இப்போது தெரிந்துகொள்வாள், இப்போது நிமிர்ந்து பார்ப்பாள் என்று காத்திருந்தேன்.

துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, தாளத்துக்குத் தலையை ஆட்டியபடி கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்: "யாருடா இந்தப் பொண்ணு, ஒரு கவலையும் இல்லாம எவ்ளோ ஜாலியா பாடறா!"

மூக்கு அடைத்து அழுதவளுக்கே தன் குரல் தெரியாதபடி செய்யும் ஒரு வேகத்தை எதிர்த்து, இத்தனை வருஷமாக ஒற்றை ஆளாக பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.