ஒரு வீட்டுக்கு ஒரு பேர்

மகள் காலையிலிருந்து சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஏதோ ஜாவா சர்வர் ஒன்றை நிறுவப் போராடுகிறாள். அதற்கு மூன்று வழி உண்டாம். மூன்றும் இன்று அவளைக் கைவிட்டுவிட்டன. தேநீரைக் கொண்டுபோய் வைத்தேன். “மொதல்லயே சரியா செட்டப் பண்ணிடணும்மா. அப்புறம் மாத்துறது பெரிய தொல்லைலா,” என்றாள். எனக்கு என்னவோ ரப்பர் ஒட்டுப்பால் வாடை வந்தது.

எண்பதுகளின் நடுவில், ஈப்போவில் சில ரப்பர் தோட்டங்களை நிர்வகித்த ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. பக்கத்திலிருந்த சிலிபினிலிருந்து பஸ்ஸில் போவேன். கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ஏர்கண்டிஷன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் என்னைக் ‘கம்ப்யூட்டர் பிள்ளை’ என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் தட்டச்சுதான் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இயந்திரத்தை நிறுவ கோலாலம்பூரிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்தார். தொழிலாளர்களுக்குக் கம்பெனி கொடுத்த தோட்ட வீடுகளைப் பதிய அவரிடமும் இரண்டு மூன்று வழிகள் இருந்தன. எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி சுலபமானதைச் சொன்னார்: ஒரு வீட்டுக்கு ஒரு பேர், அதுவும் புருஷன் பேர். நானும் தலையாட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்த வருஷம், லூர்து என்ற, பால்மரம் வெட்டிப் பால் எடுக்கும் அக்காவின் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். தோட்டத்திலிருந்து வந்த தாளைப் பார்த்து அவர் பேரை நான்தான் நீக்கினேன். அடுத்த பட்டியலில் அவர்கள் வீடு ‘காலி’ என்று அச்சாகியிருந்தது. அக்கா அதே தோட்டத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். ஆனாலும் மாதக் கடைசிக்குள் வீட்டை விடச் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் பேர் வந்தால் பார்க்கலாம் என்றாராம் தோட்டத்துக் கிராணி.

இரண்டு பஸ் மாறி, வேலை உடுப்போடேயே அக்கா என்னைத் தேடி வந்தார். குளிர்ந்த அறை முழுக்க ஒட்டுப்பால் வாடை. அவர் பேரை அடித்தேன், பெண் பேர் என்று திரை ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன். பெரிய கிராணியைப் போய்க் கேட்டேன். எஞ்சினியர் வந்துதான் மாற்ற வேண்டும், அதற்கு ஏழு வாரம் ஆகும் என்றார்.

“நீதானேம்மா எடுத்தே. நீயே போட்டுரு,” என்றார் அக்கா. குரலில் கோபம்கூட இல்லை.

“எப்படின்னு எனக்குத் தெரியலக்கா.”

அவர் திரையையும் என் விரல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு தாளில் கையால் எழுதி, என் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். கையால் எழுதியது செல்லாது என்று தோட்டத்தில் திருப்பிவிட்டார்களாம்.

எஞ்சினியர் வந்து, ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிட்டார். நான் ‘லூர்து’ என்று அடித்தேன். திரை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அதற்குள் அந்த வீட்டுக்கு வேறு குடும்பம் வந்திருந்தது. அக்கா வேலையை விட்டு எங்கோ போய்விட்டார்; யாருக்கும் விலாசம் தெரியவில்லை.

பல வருஷம் கழித்து, கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பிறகு ஒருமுறை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயமும் இல்லை, பால்மரமும் இல்லை. கண்ணுக்கெட்டியவரை எண்ணெய் எடுக்கும் செம்பனை. கேட்டில் நின்ற வெளிநாட்டுக் காவலாளியிடம் பழைய வீடுகள் எந்தப் பக்கம் என்று மலாயில் விசாரித்தேன். இங்கே வீடுகள் இருந்தனவா என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.