சூளை அலமாரியில் வைத்த ஆறு ஃப்ளாப்பிகள்

மல்லிகா அக்கா நேற்று மதியம் போய்விட்டார். புதுச்சேரியில், ஆஸ்பத்திரியில். அம்மாதான் போனில் சொன்னார்.

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கையில் அந்தக் காலத்து நோட்டு இருக்கிறது... பத்தாம் வகுப்பில் எதையும் மணி பார்த்து எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு.

தொண்ணூறுகளின் கடைசி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், ஒரு மாடியில் அக்காவின் கம்ப்யூட்டர் சென்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு யுபிஎஸ், செருப்பை வாசலில் விடச் சொல்லும் ஓர் அட்டை.

அம்மா ஒரு செராமிக் யூனிட்டில் கிளார்க். பொம்மைகளுக்குப் பூசும் கிளேஸ் கலவையை முதலில் சின்னச் சின்ன வில்லைகளில் சுட்டுப் பார்ப்பார்கள். வில்லையின் பின்னால் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பருக்கு என்ன கலவை என்பது, முதலாளியின் பழைய லேப்டாப்பில் அம்மா டைப் செய்து வைத்த ஃபைலில்.

கலவைகளை முதலில் கையால் எழுதியிருந்த நோட்டுகள்? டைப் செய்து முடித்ததும் பொம்மை சுற்றும் பேப்பராகி லாரி ஏறிவிட்டன. செராமிக் யூனிட்டில் எந்தத் தாளும் சும்மா கிடக்காது.

ஒரு சனிக்கிழமை, அம்மா வேலை செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி ஏற்கெனவே செத்துப்போனது. மறுபடி போட்டால் சிஸ்டம் வரவில்லை. கறுப்புத் திரை.

பேக்கப் எடுத்த ஆறு ஃப்ளாப்பிகளைத் தேடினார்கள். சூளையை ஒட்டிய அலமாரியில் கிடைத்தன. ஆறும் சூட்டில் வளைந்து நெளிந்து... வில்லைத் தட்டோடு சேர்த்து, ஞாபகமில்லாமல் தானே அங்கே வைத்துவிட்டதாக அம்மா நினைத்துக்கொண்டார்.

கடலூரிலிருந்து போனில் பேசிய சர்வீஸ்காரர் ஒரே வார்த்தைதான் சொன்னார். ஃபார்மட்.

முதலாளி அம்மாவிடம், "மூணு வருசத்து வேலைங்க இது. திங்கக்கெழம ஃபைல் இருந்தா நீங்களும் இருங்க. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்குறேன்" என்றார்.

ஞாயிறு மதியம் லேப்டாப்பைத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டு அம்மாவும் நானும் அக்காவிடம் போனோம். ஃப்ளாப்பி கதையையும் அம்மா சொன்னார்.

அக்கா லேப்டாப்பைத் திறந்து கீபோர்டை ஊதினார். வெள்ளையாகப் பறந்தது. "என்னாக்கா, இதையும் சூளையில வெச்சி எடுத்தீங்களா?"

அம்மா சிரிக்கவில்லை. "ஃபார்மட் போட்டா எல்லாம் போயிடுமாமே மல்லிகா..."

"போட்டாத்தான போவும். சிஸ்டம் வேற, ஒங்க ஃபைலு வேற. ஓடு மாத்துறதுக்கு வூட்டையா இடிப்பாங்க?"

கெட்ட சிஸ்டத்தைத் தொடாமல் கம்ப்யூட்டரை எழுப்பும் பூட் ஃப்ளாப்பியை லேப்டாப் மூன்றாவது தடவைதான் படித்தது. திரையில் பெயர்கள் வரிசையாக இறங்கின. அம்மாவின் ஃபைல் இருந்தது!

ஆனால் வேறு ஃப்ளாப்பியில் அதைக் காப்பி எடுக்க முடியவில்லை. டிரைவுக்குள் களிமண் தூசி. படிக்கும், எழுதாது. பேக்கப் இல்லாமலேதான் சிஸ்டத்தை மறுபடி போட்டாக வேண்டும்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முன்பு யாருடைய டிஸ்க்கையோ அவசரத்தில் அழித்துவிட்டாராம், அதிலிருந்து. திரையில் வருவதை இன்னொருவர் சத்தமாகப் படிக்க வேண்டும். ஃபைலுக்குரியவர் "ம்" சொல்ல வேண்டும். அப்புறம்தான் என்டர்.

நான் படித்தேன். அம்மா "ம்" சொன்னார். பழைய சிஸ்டம் இருந்த ஃபோல்டரை அக்கா அழிக்கவில்லை, பேரை மட்டும் மாற்றினார். பிறகு சிடியைப் போட்டுப் புதுச் சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்தார்.

"ஃபார்மட்னு எங்கயாவது வந்தா ஒடனே சொல்லு பாப்பா. கண்ணு இங்கயே இருக்கணும்."

பாதியில் கரண்ட் போனது.

யுபிஎஸ் கத்தத் தொடங்கியது. இருக்கும் சார்ஜ் லேப்டாப்புக்கு மட்டும் போகட்டும் என்று அக்கா மற்ற கம்ப்யூட்டர்களின் ஒயரைப் பிடுங்கினார். கரண்ட் எப்போது வரும் என்று கேட்க, அம்மா எதிரிலிருந்த எஸ்டிடி பூத்துக்கு ஓடினார்.

அப்போதுதான் சொன்னேன்.

"அக்கா, ஃப்ளாப்பிய அந்த அலமாரியில வெச்சது நாந்தான். அம்மாவுக்குத் தெரியாது. ஸ்கூல் விட்டு யூனிட்டுக்குப் போயிருந்தேன், மழ பேஞ்சிக்கிட்டு இருந்துது... கம்ப்யூட்டர் புக்குல ஃப்ளாப்பிய ஈரம் படாம வைக்கணும்னு போட்டிருந்துச்சு."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சூடு படாமன்னு போடலயா?"

"அது அடுத்த பக்கத்துல இருந்துதுக்கா. அப்ப படிக்கல."

"செரி. இப்ப இதப் படி. எத்தன பர்சன்டு?"

"அறுபத்திரெண்டு."

எழுபத்தொன்றில் கரண்ட் வந்தது. அம்மாவும் வந்தார்.

ஆறு மணிக்கு ஃபைல் திறந்தது. அம்மா நம்பவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து ஒரு வில்லையை எடுத்துப் பின்பக்கம் திருப்பி, "நூத்தி எம்பத்தேழு" என்றார்.

அக்கா தேடி எடுத்தார். நான் படித்தேன். மயில் பொம்மை, கழுத்து நீலம்.

அம்மா வில்லையை முன்பக்கம் திருப்பிப் பார்த்தார். "ம்" என்றார்.

அந்த வாரமே முதலாளி சென்டருக்கு வந்து, ஃப்ளாப்பியை அங்கே வைத்தது யார், ஏதாவது தெரியுமா என்று கேட்டாராம். "என்கிட்ட லேப்டாப்பு மட்டுந்தான் சார் வந்துது" என்றாராம் அக்கா. அம்மா வேலையை விட்டு நிற்கும்வரை அந்த யூனிட்டில்தான் இருந்தார்.

அம்மாவிடம் இன்று காலையில்தான் சொன்னேன். இத்தனை வருடம் கழித்து.

அம்மா கேட்டது ஒன்றுதான், "மல்லிகாவுக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன்மா."

"அதான்... ஃப்ளாப்பி கதைய நானா ஆரம்பிச்சாக்கூட அவ வேற பேச்சுக்குப் போயிடுவா."

போயிட்டு வாங்கக்கா.

நோட்டில் அன்றைய கடைசி வரி: மணி 6.40. அக்கா யுபிஎஸ்ஸை நிறுத்தினார். லைட் அணைக்கப்பட்டது.